லண்டன் வண்டி வரவில்லை

1

இன்று போகி. பக்கத்து வீட்டு பீபீக் லெட்சுமி காலையிலிருந்தே எங்கள் கொல்லை வாழைமேல் கண் வைத்துக்கொண்டிருக்கிறாள். மூத்த பெண்களை இங்கே பீபீக் என்றுதான் கூப்பிடுவது. மலாக்காவில் இந்தக் காஜா பேராங் பகுதியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க மலாக்காச் செட்டிகளின் வீடுகள். செட்டி என்றதும் ஊரில் இருக்கிற நீங்கள் நகரத்தாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இறங்கியவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், கெபாயாச் சட்டையும் கைலியும் உடுத்துவார்கள், பேசுவதெல்லாம் மலாய். தமிழில் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம்.

போகியன்று இவர்கள் செத்துப்போனவர்களுக்கு வீட்டுக்குள் வரிசையாக இலை போட்டுப் படைப்பார்கள். படைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வெளியே வந்து நிற்பார்கள். போன வருடம் இதே போகியன்று, பொழுது சாயும் நேரத்தில், அந்த இலைகளைப் பார்த்து எனக்கு ஈரக்குலை நடுங்கியது. இந்த வருடமும் நடுங்குகிறது. காரணம் வேறு. இரண்டையும் எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் மலாக்காவில் ஒரு பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று பேரேட்டில் எழுதுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு மூவார், தம்பின், ஜாசின் மூன்று ஊர் ஆபீசுக்கும் தெலிபோன் போட்டு, அங்குள்ள கடிகாரங்களை என் கடிகாரத்தோடு சரிபார்க்க வைப்பேன். ஒரு நிமிடம் பிசகியிருந்தாலும் திருப்பச் சொல்வேன். இப்படிப் பதினெட்டு வருடம். நாலு ஊருக்கும் ஒரே மணி, அது நான் சொல்லும் மணி என்று ஒரு கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வம்தான் போன வருடம் என்னை உரித்துத் தொங்கப் போட்டது.

என் மகள் வசந்தாவுக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், கொண்டாடிய கையோடு வந்த கடிதம் அது. கப்பலில் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கொடி மாறிய புதிதில் எந்த ஆபீசில் எந்தத் தாள் கேட்பார்கள் என்று அந்த ஆபீஸ்காரர்களுக்கே தெரியவில்லை. பிறப்புச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். அப்பன் பிறந்த ஊருக்குச் சான்று கேட்டார்கள். அதற்கு நான் எங்கே போவேன்? பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது கப்பல் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. படிப்புத் தொடங்குவதற்குள் போய்ச் சேர ஆகாய விமானம் ஒன்றுதான் வழி என்று ஆனது.

என் கதையையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். குடியுரிமைக்கு நான் மனுப் போட்டபோது மலாய் தெரிகிறதா என்று ஒரு சோதனை வைத்தார்கள். அதிகாரி மலாயில், "மலாயாவுக்கு எப்போது வந்தீர்?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, "காலை பத்து மணிக்கு" என்றேன். பினாங்கில் கப்பல் கரை தட்டிய நேரம் அது. வருடத்தைச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எப்போது என்று யார் கேட்டாலும் எனக்குக் கடிகாரம்தான் கண்ணுக்கு வரும். இந்தப் புத்தியோடுதான் மகளை விமானத்தில் ஏற்றினேன்.

3

டிக்கெட்டோடு ஒரு தாள் வந்தது. சிங்கப்பூர் காலை பத்து மணி. நடுவே பாங்காக், கல்கத்தா, கராச்சி, பெய்ரூத், ரோம். லண்டன் மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. வசந்தாவின் பள்ளிக்கூடத்து நிலப்படப் புத்தகத்தை விரித்து, தையல் நூலால் ஊர் ஊராக வளைத்து அளந்தேன். ஏழாயிரம் மைல் வந்தது. பத்திலிருந்து பத்து இருபத்துநாலு, அதற்கு மேல் இரண்டு. ஆக இருபத்தாறு மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு இருநூற்று எழுபது மைல். எங்கள் வண்டி நாற்பதைத் தாண்டினால் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறவன் நான்.

என் மனைவி கனகத்துக்கு வேகம் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு இரண்டு விஷயம்.

"மார்கழியில யாராச்சும் பொண்ண வீட்ட விட்டு அனுப்புவாங்களா? இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா தை பொறந்திடும்."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்ல அது நம்ம கம்பெனி வண்டியா? ஏரோப்ளேன்."

"சரி. அது கல்கத்தா வழியாத்தான போகுது? அங்க எறங்கி எங்கண்ணன் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரச் சொல்லக்கூடாதா?"

அவள் அண்ணன் இருப்பது மன்னார்குடியில். வசந்தா சிரித்து உருண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் எங்கேயும் இறங்க முடியாத ஒன்றில் என் பிள்ளை ஏறப்போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

4

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

மெர்டேக்காவுக்கு ஆறேழு வருடம் முன்னால் இங்கே அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ரோட்டுக்கு வந்து வண்டிகளை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்திவிட்டுப் போவார்கள். எங்கள் ஓட்டுநர் சாமிக்கண்ணு ஒரு நாள் ஜாசின் பக்கம் ஓட்டிப் போனவன், பன்னிரண்டு மணிக்குத் திரும்பவேண்டும். அவன் பெண்டாட்டி பாக்கியம் சாப்பாட்டு அடுக்கோடு ஆபீஸ் படியில் வந்து நின்றாள்.

"வந்துட்டாங்களா அண்ணே?"

"வந்துடும்மா."

ஒரு மணிக்குக் கேட்டாள். வந்துடும்மா. இரண்டு மணிக்குக் கேட்டாள். வந்துடும்மா. குரலைக் கொஞ்சமும் ஆட விடாமல், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும். கனகமும் அன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். பாக்கியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குத்தான் போலீசார் வந்து சொன்னார்கள். வண்டி ரப்பர் காட்டோரம் எரிந்து கிடந்தது. பிரயாணிகளை இறக்கிவிட்டார்கள், சாமிக்கண்ணு வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு தவுக்கே, எங்கள் சீன முதலாளி, ஒரு சட்டம் போட்டார். எந்த வண்டியும் அரை மணி தாண்டினால் தாமதம் என்று எழுதிவிட்டு, உடனே இன்னொரு வண்டியில் ஆள் அனுப்பித் தேடவேண்டும். அரை மணிக்குள் வந்தால் தாமதமே இல்லை. இன்றைக்கு வரை அதுதான் சட்டம்.

5

சிங்கப்பூர் பாயா லேபார் விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டோம். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். வாரில் இரண்டு துளை கூடப் போடவேண்டியிருந்தது. அவள், "போயிட்டு வரேம்பா. ஆபீசுக்கு லீவு போடாதீங்க, நீங்க இல்லன்னா மூவார் கடிகாரம் நின்னுடும்" என்று கேலி செய்துவிட்டுப் போனாள். கனகம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மலாக்காவுக்குத் திரும்ப நூற்றைம்பது மைல். பத்து பஹாட்டில் ஒரு படகுத்துறை, மூவாரில் ஒன்று. ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸைப் படகில் ஏற்றி இறக்கவேண்டும். நாங்கள் வீடு வந்து சேர ஏழு மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் பாங்காக்கைத் தாண்டியிருப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் போகி. ஆபீஸ் கடிகாரத்தில் பன்னிரண்டு. இறங்கியிருப்பாள் என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பன்னிரண்டரை. அரை மணி. சும்மா இருக்க முடியவில்லை. தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு சிங்கப்பூர் விமானக் கம்பெனிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். ஒரு மணிக்குக் கிடைத்தது. ஒரு பெண் குரல். பதினெட்டு வருடமாக எப்படிக் கேட்பேனோ அப்படித்தான் கேட்டேன். லண்டன் வண்டி வந்துவிட்டதா?

"லண்டனில் இறங்கியதாக இன்னும் தகவல் இல்லை" என்றாள் இங்கிலீஷில்.

வேறு எதுவும் கேட்க எனக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பானேன், மணிதான் என் பையில் தாளாக இருக்கிறதே. மூன்று நிமிடம் முடிந்து தொடர்பு அறுந்தது.

மூன்றரைக்கு மறுபடி பதிவு செய்தேன். வேறு குரல், அதே பதில். இன்னும் தகவல் இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த ஓட்டுநர் காதர் பாய் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னா அண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எந்த வண்டி வரல?"

"லண்டன்."

அவர் சிரிக்க வாயெடுத்தவர், திறந்து கிடந்த பேரேட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பேரேட்டில் அன்றைய பக்கத்தில், மூவார் வண்டிக்குக் கீழே, நான் எழுதியிருந்தேன்: லண்டன். வரவேண்டியது பன்னிரண்டு. வரவில்லை. தாமதம் மூன்றரை மணி. கம்பெனிப் பேரேட்டில் என் வீட்டு விஷயத்தை எழுதியது அதுதான் முதல் தடவை. ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். எழுதினால்தான் தேட ஆள் அனுப்ப முடியும் என்று பழகிய கை.

"நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. நான் பாத்துக்குறேன்" என்றார் காதர் பாய். போனேன்.

6

கனகம் வாசலில் கோலத்துக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "சேந்துட்டாளா?" என்றாள்.

"வந்துடும்."

வாளி அவள் கையிலிருந்து நழுவியது. என்னையே பார்த்தாள்.

"ஏங்க, பாக்கியத்துகிட்ட இப்படித்தான் சொன்னீங்க."

"இல்ல கனகம், கொஞ்சம் தாமதம்..."

"இதே குரலுதான். நான் அங்கதான உக்காந்திருந்தேன்?" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மார்கழி வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா?"

அதற்குமேல் நான் எதையும் மறைக்கவில்லை. டிரங்க் காலைச் சொன்னேன், இரண்டு தடவையும் வந்த பதிலைச் சொன்னேன். அவள் ஓலமிட்ட சத்தத்தில் பீபீக் லெட்சுமி வேலியை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஜாங்கான் நாங்கிஸ், கனகம், ஜாங்கான் நாங்கிஸ்" என்று சொல்லிச் சொல்லித் தலையைத் தடவினாள். அழாதே என்கிறாள். அழாமல் என்ன செய்வது?

விளக்கு வைக்கும் நேரத்தில் பீபீக் தன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. வரிசையாக இலை. சோறு, குழம்பு, பழம், வெற்றிலை. இறந்துபோன மாமனார், மாமியார், பிறந்த சூட்டிலேயே போன ஒரு பெண் குழந்தை, ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு வீட்டார் எல்லாரும் வெளியே வந்து பேசாமல் நின்றார்கள். கனகம் அதைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று நான் எழுந்து நடுவில் நின்றேன். எனக்கே பார்க்கத் தைரியம் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் அந்தக் குழந்தைக்குப் போட்ட கடைசிச் சிறிய இலை கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் மணி ஆறே முக்கால். தாமதம் ஆறே முக்கால் மணி. சாமிக்கண்ணுவுக்கே மூன்று மணிதான்.

அன்றிரவை எழுதப்போவதில்லை.

7

பொங்கலன்று காலை. பானை வைக்கவில்லை. சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில் தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டது. தந்தி என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கனகம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கும்போது தாள் குறுக்கே கிழிந்தது. ஒட்டு வைத்துப் பிடித்துப் படித்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"சேர்ந்தேன். லண்டன் மணி பன்னிரண்டு இருபது. மலாக்கா மணி ஏழு ஐம்பது. தாமதம் என்று எழுத வேண்டாம். வசந்தா."

நாலு தடவை படித்தேன். உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும்தான் முதலில் ஏறியது. கதவைத் தட்டி, "கனகம், பானை வை! புள்ள போய்ச் சேந்துட்டா!" என்று கத்தினேன். அவள் கதவைத் திறந்து, தந்தியைப் பிடுங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பீபீக் வீட்டிலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள்.

பிறகுதான் அந்த இரண்டு மணிகளையும் பார்த்தேன். தாளில் போட்டிருந்த பன்னிரண்டு, லண்டன் கடிகாரத்துப் பன்னிரண்டு. என் கடிகாரத்துக்கு அது ஏழரை. மேற்கே சூரியன் பிறகுதான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நான். ஆனால் நான் இங்கே வந்தது கப்பலில். ஏழு நாள் மூட்டையோடு மூட்டையாகத் தளத்தில் படுத்துக் கிடந்தோம். நம் ஊருக்கும் மலாயாவுக்கும் நடுவிலுள்ள மணி வித்தியாசத்தைக் கப்பல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவே இல்லை. அப்புறம் பதினெட்டு வருடம் நாலு ஊருக்கும் ஒரே மணி வைத்துப் பழகியவன். இருபத்தாறு மணி என்று நான் போட்ட கணக்கு முப்பத்துமூன்றரை. நான் வாசலில் நின்று அவளுக்காகச் செத்துக்கொண்டிருந்தபோது அவள் ஆகாயத்தில் பத்திரமாக உட்கார்ந்து, அநேகமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன ஏழரை?" என்றாள் கனகம். "சனி புடிச்ச கணக்கால்ல இருக்கு."

இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னபோது, தன் கையில் இருந்த என் கடிகாரத்தைப் பார்த்ததும், அப்பன் ஆபீசில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பேரேடு வரைக்கும் தெரிந்திருக்கிறது. பெற்ற கடனுக்கு நான்தான் அவளை அறிந்தவன் என்று நினைத்திருந்தேன்.

ஆபீசுக்குப் போய் முந்தின நாள் பக்கத்தைத் திறந்தேன். எழுதியதை அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. 'வரவில்லை' என்பதை அடித்தேன். வந்தது ஏழு ஐம்பது. வரவேண்டியது ஏழரை. இருபது நிமிடம்தான், அரை மணி தாண்டவில்லை. தாமதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காதர் பாய் எட்டிப் பார்த்து, "அப்ப ஆள் அனுப்ப வேணாம்ல?" என்றார். அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

8

அது போன வருடம். முதலில் அவள் கடிதங்களில் இரண்டு மணியும் இருக்கும். "இங்கே காலை ஆறு, உங்களுக்குப் பகல் ஒன்றரை, சாப்பிட்டாச்சா?" என்று தொடங்குவாள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்களாம். அதையும் எழுதி, "பயப்படாதீங்க, ஆறரை ஆயிடுச்சு, கிட்ட வந்துட்டேன்" என்றாள். அதைக் கேட்டுக் கனகம் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். பனி தொடங்கியதும் மறுபடி ஏழரை ஆனது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் லண்டன் மணி மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. தமிழ் அரைப் பக்கமாகச் சுருங்கி, மீதி இங்கிலீஷில் வருகிறது.

கனகத்துக்கு மட்டும் விட்டுப்போகவில்லை. உலை வைக்கும்போதும், விளக்கேற்றும்போதும், "அங்க இப்ப என்ன மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாள். நான் கழித்துச் சொல்வேன்.

இன்று பகல் ஒரு கடிதம் வந்தது. கனகம் புதுப்பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டே, "படிங்க" என்றாள். சத்தமாகப் படித்தேன். குளிர், வார்டு, கூட இருக்கிற பெண்கள். கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். படிப்பு மூன்று வருடம் என்றுதானே போனாள்? அது முடிந்ததும் அங்கேயே வேலைக்கு இருக்கச் சொல்கிறார்களாம், இருக்கலாம் என்று நினைக்கிறாளாம். எவ்வளவு காலம் என்று இல்லை. அதன் கீழே தமிழில் ஒரு வரி: "அப்பா, தாமதம் என்று எழுத வேண்டாம்."

கடிதத்தை மடிக்கப் போனேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? எப்ப வராளாம்?"

"வந்துடு..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன். பாக்கியத்திடம் பேசிய குரலில் இவளிடம் இன்னொரு தடவை பேச எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பத்தியை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன், கடைசி வரியையும் படித்தேன்.

கனகம் அழவில்லை. மஞ்சள் கொத்தை இறுக்கி முடிச்சுப் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் பீபீக் இலைகளைத் துடைத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"அரை மணி தாண்டுனா ஆள் அனுப்பித் தேடணும்னுதான உங்க சட்டம்?" என்றாள். "யாரை அனுப்பப் போறீங்க?"